நிழல் குத்துச்சண்டை: பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புக் காலிமுகத்திடலின் கடற்காற்றில் பழகினாலும், வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றின் மொட்டைமாடியில் பழகினாலும், எதிராளியைக் கற்பனை செய்து வெறுங்காற்றில் குத்திப் பழகும் நிழல் குத்துச்சண்டைக்குக் குத்துப்பையோ துணையோ தேவையில்லை. இந்த வசதியே பலரை ஏமாற்றிவிடுகிறது. எதிரே ஒருவர் நிற்கிறார் என்ற நினைவின்றிக் கைகளை வீசுவதுதான் இப்பயிற்சியின் மிகப் பெரிய தவறு என்றும், மற்றப் பிழைகளிற் பல அதிலிருந்தே பிறக்கின்றன என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எதிராளியின் உயரத்தையும் தூரத்தையும் மனத்தில் நிறுத்தாதவர், நான்கைந்து குத்துகளை அடுக்கடுக்காக விட்டபின் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். களத்தில் பதிலடி வந்து விழுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். ஆகவே ஒவ்வொரு தொடரையும் தலையை விலக்கியோ, பக்கவாட்டில் ஓரடி வைத்தோ முடிக்க வேண்டும். தண்டிப்பவர் எவரும் இல்லாததால், குத்திய கை தாடைக்குத் திரும்பாமல் மார்பளவில் தொங்குவதும் இதே மறதியின் விளைவு. கண்ணாடி முன் நிலையைச் சரிபார்ப்பது நல்லது. ஆனால் எல்லாச் சுற்றுகளையும் அங்கேயே கழிப்பவர் எதிராளியை விட்டுத் தம்மையே பார்க்கப் பழகிவிடுவார்.

கால்களும் கவனிக்கப்பட வேண்டும். இடக்காலை முன்வைத்து நிற்பவர் இடப்பக்கம் நகரும்போது இடக்காலையும், வலப்பக்கம் நகரும்போது வலக்காலையும் முதலில் எடுத்துவைக்க வேண்டும். கால்கள் குறுக்கிட்டால் இலேசான தள்ளலே அவரை வீழ்த்திவிடும்.

வெற்றுவெளியில் குத்தைத் தடுத்து நிறுத்தப் பொருளொன்றும் இல்லாததால், முழு வேகத்தில் கையை இறுதிவரை நீட்டும்போது முழங்கை மூட்டே அந்த விசையை ஏற்கிறது. சற்று மடிப்பு எஞ்சியிருக்கும்படி நிறுத்துங்கள். டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு குத்துவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: குத்து முன்னோக்கிச் செல்ல, எடையோ கையைக் கீழ்நோக்கி இழுப்பதால், தோள் களைத்து நுட்பம் குலைகிறது.

மூச்சை அடக்கக் கூடாது. ஒவ்வொரு குத்துடனும் சுருக்கமாக வெளிவிட வேண்டும். கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராமல் உடல் விரைவாகச் சூடேறுவதால், நண்பகலைத் தவிர்த்து, அருகே தண்ணீர் வைத்துக்கொண்டு, 3 நிமிடச் சுற்றும் 1 நிமிட ஓய்வுமாகப் பழகுவது நன்று. முதற் சுற்றைப் பாதி வேகத்தில், முன்னிருக்கும் கையால் விடும் நேர்க்குத்துக்கும் கால் நகர்வுக்கும் மட்டுமே ஒதுக்குங்கள். அடுத்த சுற்றில் எதிராளி உங்களைவிட உயரமானவர் என்று எண்ணிக்கொண்டு, அவருடைய நீண்ட கைகளைக் கடந்து உள்ளே நுழையும் வழியைத் தேடுங்கள்.