‘அஸெஸ்’ என்னும் ஆங்கில வினையைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

மதிப்பிடுதலைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பல இருப்பினும், மருத்துவம், கல்வி, காப்பீடு, வரி ஆகிய துறைகள் அனைத்திலும் புழங்குவது ‘அஸெஸ்’ ஆகும். ஒன்றின் நிலையையோ அளவையோ தேவையையோ ஆராய்ந்து, அடுத்து எடுக்கவேண்டிய முடிவுக்கு உதவும் கணிப்பை அடைவதே இதன் பொருள். வெறுமனே பார்வையிடுவதற்கு இச்சொல் பொருந்தாது. பார்வையிட்டதிலிருந்து ஒரு முடிபு பிறக்க வேண்டும். ‘அருகில் அமர்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், தொடக்கத்தில் வரித்தொகையை நிர்ணயிப்பதையே குறித்தது. அப்பொருள் இன்றும் வழக்கில் உள்ளது.

இவ்வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். ‘அஸெஸ் த டேமேஜ்’ என்பதே சரி. இடையில் ‘அபௌட்’ சேர்ப்பது பிழை. எதை அறிய வேண்டும் என்பது இன்னும் கேள்வியாகவே இருக்கும்போது, ‘வெதர்’ அல்லது ‘ஹௌ’ கொண்டு தொடரலாம்: ‘வீ மஸ்ட் அஸெஸ் வெதர் த பிரிட்ஜ் இஸ் சேஃப்.’

பெரும்பாலானோர் தடுமாறுவது அடுத்து வரும் முன்னிடைச்சொல்லில்தான். அதில் கூடுதல் கவனம் தேவை. ஒருவரை ‘அஸெஸ்ட் ஃபார் டிப்ரெஷன்’ என்றால், அவருக்கு அந்நோய் உண்டா என்று ஆராய்ந்தார்கள் என்று பொருளே தவிர, நோய் உறுதியாயிற்று என்று பொருளன்று. ‘அஸெஸ்ட் ஆன் தேர் ரைட்டிங்’ என்னும்போது எழுத்துத்திறன் அளவுகோலாகிறது. கணித்த தொகையைச் சொல்ல ‘அட்’ வரும். வகைப்படுத்திய முடிவைச் சொல்ல ‘ஆஸ்’ வரும், ‘அஸெஸ்ட் ஆஸ் ஹை ரிஸ்க்’ என்பதுபோல. இந்த நான்கையும் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட முழு வாக்கியங்களாகப் பழகுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

‘இவேல்யுவேட்’ பல இடங்களில் இதற்கு மாற்றாக நிற்கும் என்றாலும், முடிந்த ஒரு திட்டத்தின் பயனையும் மதிப்பையும் எடைபோட அதுவே பொருத்தமானது. ஒரு மாணவரின் இன்றைய நிலையை அறிந்து அவருக்கு உதவ ‘அஸெஸ்’ ஏற்றது. ‘எஸ்டிமேட்’ தோராயமான எண்ணையே பெரிதும் நாடும்.

எழுதும்போது ‘எஸ்’ என்னும் எழுத்து நான்கு முறை, இரண்டிரண்டாக வரும். ஒன்றை விட்டுவிட்டாலும் பிழையே. ஒலிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். முதலசையை அழுத்தி ‘ஆக்ஸஸ்’ என்று ஒலித்தால், அணுகுதல் என்னும் வேறு பொருளைத் தரும் சொல்லாகிவிடும்.

உணவையோ திரைப்படத்தையோ பற்றி நண்பரிடம் பேசும்போது இவ்வினை விறைப்பாக ஒலிக்கும்; அங்கே ‘வாட் டிட் யூ திங்க் ஆஃப் இட்’ என்று கேட்பதே இயல்பு. முறையான அறிக்கையிலும், ‘கேரீட் அவுட் அன் அஸெஸ்மென்ட் ஆஃப்’ என்று நீட்டுவதற்குப் பதிலாக ‘அஸெஸ்ட்’ என்று வினையாகவே எழுதினால் வாக்கியம் தெளிவு பெறும்.