பள்ளி பேண்டுக்குக் குச்சி வாங்குவது எப்படி?

ஆகஸ்ட் 15 நெருங்கினால் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் பள்ளிக்கூடங்களில் பேண்டு செட்டைத் தூசு தட்டி வெளியே எடுப்பார்கள். டிரம் நன்றாகவே இருக்கும். குச்சிதான் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. புதிது வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில், எதை அடிக்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்: தோலா, மரக்கட்டையா, உலோகமா? குச்சி தேயலாம், வாத்தியம் தேயக் கூடாது. தவிலுக்கே ஒரு கையில் பூவரசங்குச்சி, மறு கையில் விரல்கூடு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே குச்சி என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்து சைட் டிரம், அதாவது தோளில் மாட்டி இரண்டு குச்சியால் அடிக்கும் சின்ன டிரம். குச்சியில் 7ஏ, 5ஏ, 5பி, 2பி என்று போட்டிருக்கும். பொதுவாக எண் குறையக் குறைய தடிமன் கூடும். எழுத்து பழைய வழக்கம்: ஏ ஆர்கெஸ்ட்ராவுக்கு, பி பேண்டுக்கு, எஸ் தெரு ஊர்வலத்துக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும், அதனால் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் பழக 5ஏ போதும். திறந்த மைதானத்தில் மெல்லிய குச்சியின் சத்தம் காற்றோடு போய்விடும். அணிவகுப்புக்கு 2பி, அல்லது மார்ச்சிங்குக்கென்றே வரும் 17 அங்குலத் தடிக்குச்சி. ஹிக்கரி மரம் அதிர்வைத் தாங்கும், மேப்பிள் எடை குறைவு.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். கண்ணாடி மேசையில் உருட்டினால் நேரான குச்சி சத்தமில்லாமல் ஓடும். கோணலானது டொக் டொக்கென்று குதிக்கும். மர ரேகை நுனி வரை நீளவாக்கில் போக வேண்டும். பக்கவாட்டில் வெளியேறும் இடத்தில்தான் ஒடியும். கடைசியாக இரண்டையும் மேசை விளிம்பில் தட்டிக் கேளுங்கள். சுருதி ஒத்தால்தான் ஜோடி. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பேஸ் டிரம் எனும் பெரிய டிரம்முக்குக் கம்பளித் தலை வைத்த மேலட் (நுனியில் உருண்டைத் தலை உள்ள குச்சி). டிரம் பெரிதானால் தலையும் பெரிதாக வேண்டும். நடந்துகொண்டே அடிக்க இறுகிய கம்பளி, மேடையில் உட்கார்ந்து அடிக்க மெத்தென்றது. டிம்பனி எனும் கொப்பரை டிரம்முக்கும் வழக்கமாகக் கம்பளித் தலைதான்.

அதிகம் தவறுவது, மரக்கட்டையையோ உலோகப் பட்டையையோ வரிசையாக அடுக்கிய வாத்தியங்களில். குளோக்கன்ஸ்பீல் எஃகுப் பட்டை, பித்தளைத் தலையையும் தாங்கும். அதே பித்தளை சைலோபோனின் ரோஸ்வுட் கட்டையில் பட்டால் பள்ளம் விழுந்துவிடும். அங்கே கெட்டி ரப்பர் அல்லது பிளாஸ்டிக். சைலோபோன் போலவே மரக்கட்டை அடுக்கிய மரிம்பாவுக்கு நூல் சுற்றிய தலை. அதன் கீழ்ஸ்தாயிக் கட்டைகளைக் கெட்டித் தலையால் அடித்தால் டக்கென்ற சத்தம்தான் முந்தும், நாதம் வராது. உலோகப் பட்டை அடுக்கிய வைப்ரபோனுக்கு இறுக்கமான கயிறு சுற்றியது. பணம் குறைவென்றால் நடுத்தர நூல்தலை ஒரு ஜோடி, கெட்டி ரப்பர் ஒரு ஜோடி வாங்குங்கள், ஆரம்பத்துக்குச் சமாளிக்கலாம். மேலட்டின் பிடி பிரம்பு என்றால் வளைந்துகொடுக்கும், பர்ச் மரம் விறைப்பு. இது அவரவர் கைவாகு.

அப்புறம், ஐப்பசி கார்த்திகை மழையில் டெல்டாவில் எல்லாமே ஈரம் கோக்கும். குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும், படுக்க வையுங்கள். கம்பளித் தலையை நன்றாக உலர்த்திய பிறகே பையில் போடுங்கள். நூல் பிரிந்து தொங்கினால் பிடித்து இழுக்க வேண்டாம். ஊசியால் உள்ளே கோத்து, முடிச்சுப் போட்டு, மீதியை வெட்டிவிடுங்கள்.