முதல் வால்வு ஹைப்ரிட் ஹெட்போன் ஆம்ப்: மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுவோம்

வால்வு ஆம்ப் கட்ட ஆசைப்படும் பலர் 250 வோல்ட், 300 வோல்ட் டிசி என்றதுமே பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பழைய வால்வு ரேடியோவைத் திறந்து ரிப்பேர் பார்த்தவர்களிடம் கேட்டால் அந்த ஷாக் எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். வால்வையும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரையும் சேர்த்துக் கட்டும் இந்த ஹைப்ரிட் ஹெட்போன் ஆம்பில் அந்த ஆபத்து இல்லை. இங்கே சொல்லப்போகும் சர்க்யூட் முழுக்க 24 வோல்ட் அடாப்டரில் ஓடும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்து, ரெசிஸ்டர் கலர் கோடு படிக்கத் தெரிந்தால் போதும்.

வால்வு மட்டுமே இருந்தால் ஏன் போதாது? 24 வோல்ட்டில் ஓடும் வால்வு சிக்னலின் வோல்ட்டேஜைப் பெருக்கிக் கொடுக்கும், ஆனால் அதன் பிளேட்டில் ஓடும் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். 32 ஓம் ஹெட்போனை அது அசைக்காது. அதனால் வால்வுக்குப் பின்னால் ஒரு மாஸ்ஃபெட்டை சோர்ஸ் ஃபாலோயராக, அதாவது வோல்ட்டேஜைப் பெருக்காமல் கரண்டை மட்டும் கூட்டித் தரும்படி வைக்கிறோம். வோல்ட்டேஜ் வால்வின் வேலை, கரண்ட் மாஸ்ஃபெட்டின் வேலை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சால்டர் செய்துவிட்டுக் கடைசியில் சுவிட்சைப் போடாதீர்கள். ஒரு பகுதி முடிந்ததும் அளந்து பாருங்கள். எண் சரியாக வந்தால் மட்டும் அடுத்த பகுதிக்குப் போங்கள். இப்படிக் கட்டினால் கோளாறு வரும்போது எங்கே தேடுவது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பொருட்கள்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மதியம் செலவழித்தால் பாதிக்கு மேல் கிடைத்துவிடும்: டாட் போர்டு, ரெசிஸ்டர்கள், ஹீட்சிங்க், மைக்கா ஷீட், திருகுக்கான இன்சுலேட்டிங் புஷ், வால்யூமுக்கு 50 கிலோ ஓம் ஸ்டீரியோ லாக் (log) பாட், ஹெட்போன் ஜாக். சேனலுக்கு ஒன்று வீதம் ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டும் எல்எம்317 ரெகுலேட்டரும் வேண்டும். 510 இல்லை, 540 தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 540 ஓடும், ஆனால் அதன் கேட் கெப்பாசிட்டன்ஸ் பல மடங்கு அதிகம். இவ்வளவு குறைந்த கரண்டில் ஓடும் வால்வுக்கு அது பாரம், ட்ரெபிள் மங்கலாம்.

வால்வு 12ஏயு7. ஐரோப்பியப் பெயர் இசிசி82, இரண்டும் ஒன்றுதான். ஸ்லோவாகியாவின் ஜேஜே இன்றும் இதைத் தயாரிக்கிறது, ஆன்லைனில் வாங்கலாம். ஒன்பது பின் சாக்கெட்டையும் கூடவே வாங்கிவிடுங்கள். 12ஏஎக்ஸ்7-க்கும் பின் வரிசை இதேதான், ஆனால் 24 வோல்ட்டில் அது மூச்சுத் திணறும். 6டிஜே8 இதே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் அதன் ஹீட்டர் 6.3 வோல்ட். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பவர்

வீட்டு ஆர்ஓ வாட்டர் ப்யூரிஃபையரின் பம்புக்கு வரும் 24 வோல்ட் அடாப்டர் இதற்கு நன்றாகப் பொருந்தும். சென்னையில் தெருவுக்குத் தெரு ஆர்ஓ சர்வீஸ் கடை இருப்பதால் கிடைப்பதிலும் சிரமம் இல்லை. வேறு வோல்ட்டேஜிலும் அவை வரும் என்பதால் லேபிளைப் படியுங்கள், மீட்டரிலும் அளந்துவிடுங்கள். ஆம்ப் மொத்தம் 0.7 ஆம்பியர் அளவு இழுக்கும், 2 ஆம்பியர் அடாப்டர் நிம்மதியாகக் கொடுக்கும். உள்ளே வரும் பாசிட்டிவ் ஒயரில் 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ், அதன்பின் கிரவுண்டுக்கு 35 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அடாப்டரின் உள்ளே 230 வோல்ட் இருக்கிறது, அதை மட்டும் திறக்கவே வேண்டாம்.

ஹீட்டர்

சாக்கெட்டை அடிப்பக்கமாகத் திருப்பி, பின்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். மேலிருந்து எண்ணினால் எல்லாமே தலைகீழாகிவிடும். 4, 5 இரண்டும் ஹீட்டர். 9 நடு முனை, அதைச் சும்மா விடுங்கள். ஹீட்டருக்கு 12.6 வோல்ட், 150 மில்லி ஆம்பியர் தேவை. 24 வோல்ட்டிலிருந்து 82 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக 4-க்குக் கொடுத்து, 5-ஐக் கிரவுண்ட் செய்யுங்கள். அந்த ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

வால்வைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். அரை நிமிடத்தில் உள்ளே மேல்முனையில் சின்ன ஆரஞ்சு ஒளி தெரியும். 4-க்கும் 5-க்கும் நடுவே 11.5 முதல் 13 வோல்ட் வரை இருந்தால் சரி. 24 வோல்ட்டே வந்தால் ஹீட்டரில் கரண்ட் ஓடவில்லை, சாக்கெட் பின் பிடிக்கவில்லையா என்று பாருங்கள். (வால்வுக்கு அடியில் கலர் எல்இடி வைத்து விற்கும் கிட்கள் உண்டு. அந்த வெளிச்சத்தை வைத்து ஹீட்டர் எரிகிறதா என்று முடிவு செய்யவே முடியாது. எல்இடி வேண்டாம்.)

அவுட்புட் பகுதி

இப்போது வால்வைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஐஆர்எஃப்510-ஐ எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெய்ன், சோர்ஸ். எல்எம்317-ல் அட்ஜஸ்ட், அவுட், இன். டிரெய்ன் 24 வோல்ட்டுக்கு. சோர்ஸ் எல்எம்317-ன் இன் காலுக்கு. அவுட் காலிலிருந்து 4.7 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு, அட்ஜஸ்ட் காலும் அதே கிரவுண்டுக்கு. எல்எம்317 எப்போதும் அவுட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் இடையில் 1.25 வோல்ட்டைப் பிடித்து வைக்கும். 1.25-ஐ 4.7-ஆல் வகுத்தால் 0.266 ஆம்பியர். அந்த நிலையான கரண்ட்தான் மாஸ்ஃபெட் வழியாக ஓடும்.

கேட்டுக்கு பயஸ் (சிக்னல் இல்லாதபோதும் நிற்கும் டிசி வோல்ட்டேஜ்) தர, 100 கிலோ ஓம் ட்ரிம்பாட்டின் (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் சின்ன பாட்) ஒரு முனையை 24 வோல்ட்டிலும் மறு முனையைக் கிரவுண்டிலும் வையுங்கள். நடுக்காலிலிருந்து 1 மெகா ஓம், அதன்பின் கேட்டை ஒட்டியே 220 ஓம். நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டால் அடாப்டரின் இரைச்சல் கேட்டுக்குள் வராது.

மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெய்ன், எல்எம்317-ன் முதுகு அவுட். இரண்டையும் மைக்கா, புஷ் இல்லாமல் ஒரே ஹீட்சிங்கில் திருகினால் ஷார்ட். திருகியபின் முதுகுக்கும் ஹீட்சிங்க்கும் கன்டினியூட்டி வைத்துப் பாருங்கள், பீப் வரக்கூடாது. ஒவ்வொன்றிலும் 3 வாட் அளவு சூடு, இரண்டு சேனலுக்கும் சேர்த்து 12 வாட் அளவு வரும். மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரியைத் தாண்டும் என்பதை நினைவில் வைத்து ஹீட்சிங்க் வாங்குங்கள். கால் மணி நேரம் ஓடியபின் விரலை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் ஹீட்சிங்க் போதவில்லை.

ட்ரிம்பாட்டை நடுவில் வைத்து சுவிட்சைப் போட்டு, சோர்ஸில் 12 வோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். 4.7 ஓமுக்குக் குறுக்கே 1.25 வோல்ட் அளவு இருக்க வேண்டும். நடுக்காலில் 15 முதல் 16 வோல்ட் இருக்கும்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று இங்கே உண்டு. கேட்டில் மீட்டரை வைத்தால் எண் குறைவாகக் காட்டும், அந்த நேரத்தில் சோர்ஸ் வோல்ட்டேஜும் கூடவே இறங்கும். மாஸ்ஃபெட் கெட்டுவிட்டது என்று பதறிக் கழற்றாதீர்கள். பல டிஜிட்டல் மீட்டர்களின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம். அது உங்கள் 1 மெகா ஓமுடன் சேர்ந்து வோல்ட்டேஜைப் பிரித்துவிடுகிறது. 16 வோல்ட் 14.5 ஆகத் தெரியும். எனவே நடுக்காலையும் சோர்ஸையும் மட்டும் அளந்தால் போதும்.

வால்வு பகுதி

1, 6 பிளேட். 2, 7 கிரிட். 3, 8 கேத்தோடு. ஒரு சேனலுக்கு ஒரு பாதி. 24 வோல்ட்டிலிருந்து 220 ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட் போட்டு வால்வுக்கெனச் சுத்தமான சப்ளை எடுங்கள். அதிலிருந்து 10 கிலோ ஓமும் 50 கிலோ ஓம் ட்ரிம்பாட்டும் தொடராகச் சேர்த்து ஒவ்வொரு பிளேட்டுக்கும். கேத்தோடிலிருந்து 470 ஓம் கிரவுண்டுக்கு. வால்யூம் பாட்டின் நடுக்காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகக் கிரிட்டுக்கு, கிரிட்டிலிருந்து 470 கிலோ ஓம் கிரவுண்டுக்கு.

பிளேட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள். முதலில் 24 வோல்ட் அளவு நிற்கும். ஹீட்டர் சூடாகச் சூடாக எண் தானாக இறங்கி வரும். அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே இந்த ஆம்பைக் கட்டலாம். இரண்டு நிமிடம் விட்டு, ட்ரிம்பாட்டைத் திருப்பி 12 வோல்ட்டில் நிறுத்துங்கள். ஒரே வால்வின் இரண்டு பாதிகள்கூட ஒன்றுபோல இருக்காது, அதற்காகத்தான் ட்ரிம்பாட்.

அப்புறம் பிளேட்டிலிருந்து மாஸ்ஃபெட் பக்கம் 1 மெகா ஓமும் 220 ஓமும் சேரும் இடத்துக்கு 0.22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர். சோர்ஸிலிருந்து ஜாக்குக்கு 1000 மைக்ரோஃபாரட், பாசிட்டிவ் சோர்ஸ் பக்கம். ஜாக்கில் கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். அவுட்புட் கெப்பாசிட்டரில் சிக்கனம் வேண்டாம். 32 ஓம் ஹெட்போனுக்கு 100 மைக்ரோஃபாரட் போட்டால் 50 ஹெர்ட்ஸிலேயே பேஸ் சரியத் தொடங்கும், இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டார் மெலிந்து கேட்கும். 1000 போட்டால் அந்த எல்லை 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

ஹெட்போனை மாட்டும் முன் ஜாக்கில் டிசி அளந்து பாருங்கள். சுவிட்ச் போட்டதும் எகிறி, சில விநாடிகளில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட வேண்டும். அந்த எகிறல்தான் காதில் 'டம்' என்று விழுவது. எனவே எப்போதும் ஒரு நிமிடம் கழித்து ஹெட்போனை மாட்டுங்கள், அணைக்கும் முன் கழற்றுங்கள். முதல் சோதனைக்குப் பழைய மலிவு ஹெட்போன் போதும்.

கோளாறு வந்தால்

ஹம் (விடாத 'ம்ம்' இரைச்சல்) வந்தால் முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹம் போய்விட்டால் குற்றம் இன்புட் பக்கம்: ஷீல்டு ஒயர், பாட்டின் உலோக உடலுக்குக் கிரவுண்ட், இரண்டையும் பாருங்கள். லேப்டாப்பிலிருந்து பாட்டு போட்டால் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் அடங்கினால் அது கிரவுண்ட் லூப், ஆம்பில் தவறில்லை. பூஜ்யத்திலும் ஹம் இருந்தால் கிரவுண்ட் ஒயர்களைச் சங்கிலி மாதிரி இணைக்காமல் எல்லாவற்றையும் பவர் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலில் ஒரே இடத்தில் சேருங்கள்.

ஒரு சேனல் மட்டும் சத்தம் குறைந்தால் இன்புட்டின் இடது, வலது ஒயர்களை மாற்றிப் பாருங்கள். குறை மறுபக்கம் போனால் ஆம்ப் நன்றாக இருக்கிறது. அதே பக்கம் நின்றால் பிளேட் 12, சோர்ஸ் 12, ரெசிஸ்டரில் 1.25, இந்த மூன்றையும் நல்ல சேனலோடு ஒப்பிடுங்கள். மூன்றும் சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் சந்தேகம் இரண்டு கெப்பாசிட்டர்கள் மேலும் பாட் மேலும்தான்.

பிளேட் 24 வோல்ட்டிலேயே நின்றால் வால்வு கரண்ட் இழுக்கவில்லை: ஹீட்டர், கேத்தோடு சால்டர், பின் எண்கள். பாட்டே ஓடாதபோது மாஸ்ஃபெட் வழக்கத்தைவிட அதிகம் சுட்டு, மீட்டர் எண் நிலையில்லாமல் ஆடினால் அது ஆசிலேட் ஆகலாம், அதாவது காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே துடிக்கலாம். 220 ஓமைக் கேட் காலிலேயே நேரடியாகச் சால்டர் செய்யுங்கள்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம் டிரை சால்டரும் (சரியாக உருகி ஒட்டாத சால்டர்) சாக்கெட் பின்னும்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் காற்றின் உப்பு பின்களைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். அணைத்து, ஆறவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து வால்வை இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். கண்ணாடியைத் தட்டினால் காதில் 'டிங்' என்று கேட்பது வால்வின் இயல்பு. தொந்தரவாக இருந்தால் சாக்கெட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் வையுங்கள்.

கேபினெட்டில் போடும்போது மேலும் கீழும் காற்று போக ஓட்டை விடுங்கள். மூடியை மூடி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு சோர்ஸையும் பிளேட்டையும் இன்னொரு முறை அளந்து, நகர்ந்திருந்தால் ட்ரிம்பாட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.