சென்ட்ரல் லைன், வென்ஃப்ளான்: ரத்தத்தில் கிருமி ஏற விடும் தவறுகள்

ஐசியூவில் நன்றாகத் தேறிவந்த ஒருவருக்குத் திடீரென்று குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும். நெஞ்சில் சளி இருக்காது, சிறுநீரிலும் கோளாறு தெரியாது. அப்போது மறக்காமல் பார்க்க வேண்டியது அவர் கழுத்தில் இருக்கும் சென்ட்ரல் லைனை. பெரிய ரத்தநாளம் வழியாக இதயத்துக்குப் பக்கத்தில் போய் முடிகிற குழாய் அது. அதில் ஏறும் கிருமி நேராக ரத்தத்தில்தான் கலக்கும்.

"உடம்பு பலவீனமாக இருக்கிறது, தொற்று வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றுக்கும் மூத்த தவறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறு ஐசியூக்களுக்கு மேல் சேர்ந்து ஐந்தே விஷயங்களைக் கடைப்பிடித்தார்கள். கை கழுவுவது, லைன் போடும்போது தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை அணிந்து நோயாளியைப் பெரிய ஸ்டெரைல் துணியால் மூடுவது, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, முடிந்தவரை தொடையில் போடாமல் இருப்பது, தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது. மூன்றே மாதத்தில், பாதிக்குக் குறையாத ஐசியூக்களில் லைன் தொற்று பூஜ்ஜியமானது. 2006-இல் இந்த முடிவு வெளியானது.

லைன் போடும் அன்று எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். அப்புறம் அது உள்ளே இருக்கும் நாளெல்லாம் மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் மாறி மாறித் தொடுகிறோமே, கோட்டை விடுவது அங்கேதான். லைனில் மருந்து ஏற்றும் மூன்று வழித் திருகான த்ரீ வேயின் மூடியைக் கழற்றுகிறோம், தலையணை ஓரத்தில் வைக்கிறோம், மருந்தை ஏற்றிவிட்டு அதே மூடியைத் திரும்பத் திருகுகிறோம். கழற்றிய மூடி குப்பைக்குப் போக வேண்டும். போடுவது புது மூடியாக இருக்க வேண்டும். ஊசி செருகும் வாயைத் தொட்டும் தொடாமலும் துடைத்தால் போதாது. 15 விநாடியாவது அழுத்தித் தேய்த்து, காய்ந்த பிறகுதான் சிரிஞ்சை மாட்ட வேண்டும்.

நான் பயிற்சி எடுத்த வார்டில் மேசை மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். காலையில் ஸ்பிரிட்டில் ஊறப் போட்ட பஞ்சை இரவு வரை எல்லோரும் விரல் விட்டு எடுப்போம். எத்தனை பேர் கைக் கிருமி அதில் சேர்ந்திருக்கும்! ஸ்பிரிட்டும் ஆவியாகி வலு இழந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இந்தப் பழக்கம் கூடாது என்றே சொல்கிறது. ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சை அப்போதே நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது தனித்தனி உறையில் வரும் ஸ்வாபைப் பயன்படுத்துங்கள். லைனைக் கழுவிவிடும் ஃப்ளஷ் எடுக்க சலைன் பாட்டில் மூடியில் ஒரு ஊசியைக் குத்தியபடியே விட்டு வைப்பதும் இதே ரகம்தான்.

டிரெஸ்ஸிங் விளிம்பு தூக்கிக்கொண்டால் மேலே இன்னொரு பிளாஸ்டர் ஒட்டுகிறோம். தயவுசெய்து வேண்டாம். நனைந்தாலும் கழன்றாலும் அழுக்கானாலும் உடனே மாற்ற வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங்கை 7 நாளைக்கு ஒருமுறையும், காஸ் துணியை 2 நாளைக்கு ஒருமுறையும் மாற்றினால் சரி. நம் ஊர் வியர்வைக்குக் காஸ்தான் தோதாக இருக்கும். ரத்தம், கொழுப்புச் சத்து ஏற்றிய ட்ரிப்ஸ் குழாய் செட்டை 24 மணி நேரத்துக்குள் மாற்றுங்கள்.

லைன் போட்டாயிற்று, தொற்று வராமல் இருக்க ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாம் என்பதும் தவறான கணக்கு. அது மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும். நாள் கணக்கு வைத்துக்கொண்டு நல்ல சென்ட்ரல் லைனைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவதாலும் தொற்று குறையாது.

ஆனால் தேவை முடிந்த லைன் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று விடப்பட்டவற்றை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தினமும் ரவுண்ட்ஸில் "இந்த லைன் இன்னும் தேவையா?" என்ற கேள்வி வர வேண்டும், பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் போட்ட சிறு குழாயான வென்ஃப்ளானுக்கும் இதேதான். சிவந்தாலோ வலித்தாலோ அன்றே எடுத்துவிட வேண்டும். நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களும் தயங்காமல் கேளுங்கள்: "சிஸ்டர், ட்ரிப்ஸ் நிறுத்தி இரண்டு நாளாச்சு, இந்த ஊசி இன்னும் வேணுமா?"