எல்லாக் கட்டியும் மூலம் அல்ல

ஆசனவாய்ப் பக்கம் வீங்கி வலித்தால் எங்கள் தேயிலைத் தோட்ட லயங்களில் உடனே சொல்வது ‘மூலம்’. உடம்புச் சூடு என்று காரத்தை நிறுத்துவார்கள், பார்மசியில் ஒரு களிம்பு வாங்குவார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போவார்கள். முதல் தவறே அந்தப் பேர்தான்.

உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, ரத்தம்தான் போகும். ஓரத்தில் திடீரென்று நீலம் பாய்ந்த உருண்டை வந்து உட்கார முடியாவிட்டால், வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். முதல் 2, 3 நாள்தான் கடுமை. மலம் போகும்போது கத்தியால் கீறியதுபோல் எரிந்தால், அநேகமாக ஆசனவாய்த் தோலில் வெடிப்பு. ஆனால் நாளுக்கு நாள் வலி ஏறி, விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் வந்தால் சீழ்க்கட்டி என்றே நினைக்க வேண்டும்.

வால் எலும்புக்கு மேலே, பிட்டப் பிளவில் வரும் கட்டி வேறு. முடி தோலுக்குள் புதைந்து சீழ் பிடிப்பது. இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கித் திரிந்த அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கானோருக்கு வந்ததால் ‘ஜீப் நோய்’ என்றே பேர். எங்கள் பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், ஹட்டன் வளைவுகளில் இரண்டு வாரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தே ஓட்டினார். காற்சட்டையில் சீழ்க்கறை பட்ட பிறகுதான் காட்டினார். பிளவின் நடுவே ஊசிமுனை அளவு துளை, அதில் ஒற்றை முடி நீட்டிக்கொண்டிருந்தது.

மழையில் வழுக்கி விழுந்த பின், உட்கார்ந்து எழும்பும்போது மட்டும் நோகிறதா? அது வால் எலும்பில் பட்ட அடியாக இருக்கலாம்.

சீழ்க்கட்டியை அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சீழ் சேர்ந்துவிட்டால் குளிசை மட்டும் போதாது, வைத்தியர் கீறி வெளியேற்ற வேண்டும். தானாக உடைந்து வலி குறைந்ததும் ‘சரி, சுகமாகிவிட்டது’ என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்கு மிகவும் கவலை. பலருக்கு உள்ளே பாதை விழுந்து பவுத்திரமாகி, திரும்பத் திரும்பச் சீழ் வரும்.

சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அழுகல் சதைக்குள் வேகமாகப் பரவும். நடுக்கம், தோல் கறுத்தல், சிறுநீர் போகாமை இருந்தால் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

ரத்தம் தொடர்ந்து போனாலும், வலி இல்லை என்று விடாமல் காட்ட வேண்டும். புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம்.

அக்காமார் பலர் வெட்கத்தால்தான் தாமதிக்கிறார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் தெரிந்த முகம் என்றால், நேரே டிக்கோயா அல்லது நுவரெலியா அரசாங்க வைத்தியசாலைக்குப் போகலாம். பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் கூட இருக்கட்டும் என்று கேட்கலாம். வெளிநோயாளர் பிரிவில் “பின்பக்கம் கட்டி, காய்ச்சலும் இருக்கு” என்றால் போதும்.