காசிமேட்டில் தனியாளாகப் படம் பிடிக்க

சென்னை காசிமேட்டு மீன் ஏலத்தை விடியற்காலையில் தனியாளாக ஆவணப்படமாக எடுக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு அங்கே இருப்பவர்களோடு டீ குடித்துப் பேசிவிட்டு வாருங்கள். சோம்பேறித்தனம் என்பார்கள், சொல்லட்டும். மறுநாள் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வையுங்கள், ஏனென்றால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கண்ட வேகத்தில் வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் மினுங்கும். ஆனால் படத்தை விட ஒலிதான் பெரிய கவலை. காலர் மைக்கைச் சட்டைக்குள் ஒட்டுங்கள், பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை மூட அதுதான் கைகொடுக்கும். அப்புறம், பேசுபவரின் சம்மதத்தைக் கேமரா முன்னாலேயே வாங்கிவிடுங்கள். இரண்டு ஹார்டிஸ்கில் ஏற்றும் வரை கேமராவின் மெமரி கார்டை அழிக்காதீர்கள். நான் ஒருமுறை அழித்தேன், ஒரு முழு நாள் உழைப்பு போச்சு.