பாட்டிலின் முப்பரிமாண (3D) மாடலில் லேபிள் ஒட்ட எந்த மென்பொருள்?

போட்டோஷாப்பில் முப்பரிமாணம் செய்யலாம் என்று பழைய வீடியோவைப் பார்த்து இறங்காதீர்கள். 2021-லிருந்து அடோபி அந்த வசதியை விலக்கிக்கொண்டே வந்துவிட்டது. வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கோணம் காட்டினால் போதுமென்றால் அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரே போதும். மாடலைச் சுற்றிச் சுழற்றிக் காட்ட வேண்டுமா? இலவச 3D மென்பொருளான பிளெண்டர். சப்ஸ்டன்ஸ் பெயின்டருக்குக் காசு உண்டு. துரு, கீறல், அழுக்கு எல்லாம் மாடல்மேலேயே தீட்டுபவர்களுக்குத்தான் அது. வெறும் லேபிளுக்கு வீண்செலவு.

பிளெண்டரில் லேபிள் இழுபடுவதற்கு அடிக்கடி வரும் ஒரு காரணம்: மாடலை நீட்டிவிட்டு, கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யாமலே (நீட்டிய அளவை நிலைப்படுத்தாமலே) அன்ராப் செய்வது, அதாவது மாடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது. முதலில் அதை முடியுங்கள். பிறகு எடிட் மோடில் பாட்டிலின் பின்பக்கம் ஒரு நெடுக்குக் கோட்டையும் லேபிள் பகுதியின் மேல், கீழ் வளையங்களையும் தேர்ந்து 'மார்க் சீம்' (வெட்டி விரிக்கும் கோடு) கொடுத்து, 'ஏ' அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, 'யு' அழுத்தி அன்ராப். லேபிளுக்கு முன் கட்டம்போட்ட 'யுவி கிரிட்' படத்தை ஒட்டிப் பாருங்கள். கட்டம் சதுரமாக இல்லையென்றால் எழுத்தும் கோணும்.

அளவு: 7 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு சுமார் 22 செ.மீ. லேபிள் உயரம் 10 செ.மீ. என்றால் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏறக்குறைய 2600 × 1180 பிக்சல். அச்சுக்கான சிஎம்ஒய்கே (நான்கு மை நிற) கோப்பை அப்படியே ஏற்றினால் நிறம் மாறும். திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் பிஎன்ஜி படமாக மாற்றி ஏற்றுங்கள்.